பின் சக்கரங்களுக்கு வேண்டிய பாரம்

எங்கள் ஊரில் கத்திரி வெயில் தொடங்கும் அன்று வெண்பனி விழத் தொடங்கும். இருபத்தைந்து நாள் விழும். வெயில் ஒரு பக்கம் காயும், பனி முழங்கால் அளவுக்குக் கிடக்கும். ஒன்றை ஒன்று கண்டுகொள்வதில்லை. கத்திரி முடிந்த மறுநாள் நகராட்சி லாரி வந்து மிச்சத்தை அள்ளிக்கொண்டு போய்விடும்.

நான் வாடகை வேன் ஓட்டுகிறேன். என் வண்டியில் இழுவை பின் சக்கரம் இரண்டுக்கு மட்டும்தான். முன் சக்கரங்கள் சும்மா கூட வருகின்றன. இப்படிப்பட்ட வண்டி பனியில் ஏற வேண்டுமென்றால் பின்னால் பாரம் வேண்டும். மற்ற ஊர்களில் மணல் மூட்டை போடுவார்களாம். எங்களுக்கு அது தேவைப்பட்டதில்லை. மனதில் சொல்லாத பேச்சு உள்ளவர்களுக்குப் பனி நாட்களில் எடை கூடும். பேச்சு எவ்வளவு பழசோ அவ்வளவு எடை. பருத்தி ஆலையின் எடைமேடையில் நிறுத்திப் பார்த்து உறுதி செய்ததுதான். அப்படி ஒருவரைப் பின் சீட்டில், சக்கரத்துக்கு நேர் மேலே உட்காரவைத்தால் வண்டி வழுக்காது. எல்லோரும் குடும்பஸ்தர்கள் என்பதால் பாரத்துக்குப் பஞ்சம் வந்ததே இல்லை.

மற்றபடி எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டாம் கியரில் கிளப்ப வேண்டும். பிரேக்கை மறந்துவிட வேண்டும். பின்னால் இருப்பவரைப் பேசவிடக் கூடாது.

கத்திரியின் ஒன்பதாம் நாள் மதியம் உலகம்மை அக்கா வந்தார். மேலத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர்.

“தம்பி, மேட்டுப்பட்டிக்குப் போகணும். அண்ணன் நாலு மணி வரைக்கும் இருக்கேம்னு சொல்லியிருக்காக.”

அவர் அண்ணன் கோமதிநாயகம் பள்ளிக்கூடத்தில் மணி அடித்து ஓய்வு பெற்றவர். நாலு என்றால் நாலுதான், நாலு ஐந்து ஆகாது. அண்ணனும் தங்கையும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது என்பது ஊரறிந்த விஷயம். மணி இரண்டு. பதினெட்டு கிலோமீட்டர், நடுவில் கரட்டு ஏற்றம். அக்கா பின் சீட்டில் உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் நான்கு விரற்கடை இறங்கியது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

பாதி ஏற்றம் வரை வண்டி கோடு போட்டதுபோல் போனது. தப்பு செய்தது நான். வண்டியில் ஏறியவரிடம் எந்த ஊர், யார் வீடு, என்ன விசேஷம் என்று கேட்காமல் எங்களால் பத்து நிமிடம் ஓட்ட முடியாது. வாய் சும்மா இருக்கவில்லை.

“அப்படி என்னதான்க்கா ஆச்சு ரெண்டு பேருக்கும்?”

அக்கா சொல்லிவிட்டார். மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்காரவைக்க வேண்டும். முகூர்த்தம் தாண்டியும் அண்ணன் வரவில்லை. கடைசியில் பந்தல் போட வந்தவர் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். “ஏன் வரலைன்னு ஒரு வார்த்தை கேக்கணும் தம்பி, வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொல்லச் சொல்லப் பின்பக்கம் உயர்ந்துகொண்டே வந்தது. பின் சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுற்றின. வண்டி மெதுவாகப் பின்னோக்கி வழுக்கி, ஒரு வேப்பமரத்தில் சாய்ந்து நின்றது. மணி மூன்று.

எனக்கு அழுகை வந்தது. என் வாயால் ஒரு மனிதரின் கடைசி ஒரு மணி நேரம் பனியில் கரைந்துகொண்டிருந்தது. வேறு பாரம் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அது பன்னிரண்டு வருடத்துப் பேச்சு. என்ன பேச்சு என்று இங்கேயும் எழுதப்போவதில்லை, நாளைக்கும் நான் வண்டி ஓட்ட வேண்டும். ஆனால் நான் முன் சீட்டில் இருந்தேன். அங்கே இருக்கும் பாரம் பின் சக்கரத்துக்கு உதவாது.

“யக்கா, நீங்க ஓட்டுங்க. நான் பின்னால போறேன்.”

“எனக்குத் தெரியாதே தம்பி.”

“மெல்லிசுத் துணி தைக்கையில மிஷின எப்படி மிதிப்பீங்க?”

“நூல் அறுந்திராம மிதிப்பேன்.”

“அதேதான்.”

நான் பின்னால் உட்கார்ந்து வாயை இறுக மூடிக்கொண்டேன். அக்கா வேனை ஏற்றத்தில் தைத்துக்கொண்டு போனார். வளைவுகளில் திருகவில்லை, பதறவில்லை. மூன்று நாற்பதுக்கு மேட்டுப்பட்டி வந்துவிட்டோம்.

வாசலில் பந்தல் போட்டு நாற்காலி இறக்கியிருந்தார்கள். கோமதிநாயகம் சன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். கட்டில் கால்கள் சிமெண்ட் தரையில் ஒரு சாண் புதைந்திருந்தன.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். என்னிடம் சொல்லித் தீர்த்துவிட்டதால் அந்தக் கேள்வி அவருக்கு மிகச் சுலபமாக வந்தது.

“ஏன்ணே வரல?”

அவர் சொல்ல வாயெடுத்தார். பிறகு சன்னல் வழியே என் வண்டியைப் பார்த்தார்.

“தம்பி, பின் சக்கர வண்டியா?”

“ஆமாய்யா.”

“எறக்கத்துல யாரு ஓட்டுவா?”

“நான்தான் ஓட்டணும். பழகாதவங்க எறக்கத்துல பதறிப்போய் பிரேக்க மிதிச்சிருவாங்க.”

“அப்ப பின்னால இவ மட்டும்தான்.”

அவர் தங்கையை நெடுநேரம் பார்த்தார். விடை கிடைக்காத கேள்விக்கும் பனியில் எடை உண்டு. அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

“அத நான் சொல்லல தாயி. தெரியாமலே போ. பத்திரமா வீடு போய்ச் சேரணும்லா” என்றார்.

அக்கா தலையாட்டினார். அவர் உட்கார்ந்திருந்த முக்காலி தரையில் இறங்கத் தொடங்கியது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். நாலு மணிக்கு அவர் கண்ணை மூடினார். நான் வெளியே வந்து, யாரும் பார்க்காத இடத்தில் நின்று அழுதேன்.

பாடையைத் தூக்கப் பதினாறு பேர் வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் காரியம் முடிந்து அக்காவை அழைத்துவரப் போனேன். கோமதிநாயகம் ஏற்கெனவே பின் சீட்டில் இருந்தார். கோடி வேட்டி கட்டி, கால்களைச் சேர்த்துவைத்து உட்கார்ந்திருந்தார். தங்கையைத் தனியே அனுப்பும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பனி கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. நான் இரண்டாம் கியரில், பிரேக்கைத் தொடாமல் இறங்கினேன். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி ஓரிடத்திலும் வழுக்கவில்லை.

மேலத் தெருவில் வண்டி நின்றது. இனி இறக்கம் இல்லை, அக்காவுக்குப் பாரமும் வேண்டாம். கோமதிநாயகம் தங்கையின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இப்போது கேட்டால் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நான் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அக்கா இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றார். ஏதோ கேட்க வாய் திறந்தார். பதினாறாம் நாள் வரை அண்ணன் மேட்டுப்பட்டியில் தன் வீட்டில் இருந்தாக வேண்டும். அதற்கு இதே வண்டி இன்றைக்கே கரட்டில் ஏற வேண்டும், பின்னால் அவர் மட்டும்தான். அக்கா குனிந்து என் பின் சக்கரங்களைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, அண்ணனின் வேட்டி நுனி மாட்டாமல் உள்ளே ஒதுக்கிவிட்டு, கதவைச் சாத்தினார்.

“மெதுவாக் கூட்டிட்டுப் போங்க தம்பி” என்றார்.