என் டோப்பாவெல்லாம் வெறும் கட்டமா?

நாடகக் கம்பெனி டைரக்டரம்மா போன்ல சொன்னதைக் கேட்டதும் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் பத்திக்கிச்சு.

"உங்க வெப்சைட்டைத் திறந்துட்டோம்மா. எழுத்து இருக்கு, போன் நம்பர் இருக்கு. படம் வர வேண்டிய இடத்துல எல்லாம் வெறும் கட்டம்தான் நிக்குது. கமிட்டிக்காரங்க பெரிய ஸ்கிரீன் முன்னாடி உட்கார்ந்திருக்காங்க. டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் சமாளிக்கிறேன். அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க."

நான் டோப்பா செய்யறவ. ஊசியும் வலையும் முடியும்தான் எனக்கு உலகம். ஆனா இத்தனை வருஷமும் இன்னொருத்தர் கடைக்குச் செஞ்சு குடுத்தேன். உள்பக்கம் அவங்க லேபிளைத்தான் தைப்பாங்க. மேடையில ராஜா வந்து நின்னு கைதட்டல் வாங்கினா, அந்தத் தலை என் கையால கோத்ததுன்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. இப்பதான் சொந்தமா ஒரு அறையைப் பிடிச்சுக் கடை போட்டிருக்கேன். இந்தக் கம்பெனியோட புது நாடகத்துக்கு மொத்த டோப்பாவும் யார் செய்யறதுன்னு இன்னைக்கு முடிவு. எனக்குக் கிடைச்சா நோட்டீஸ்ல என் பேர் வரும். இல்லைன்னா மறுபடியும் பழைய கடைக்குப் போய் அந்த லேபிளுக்கே கோத்துக்கிட்டு கிடக்கணும்.

"அடியே!"ன்னு ஒரு கத்து கத்தினேன். வெப்சைட் செஞ்சது என் நாத்தனார். கம்ப்யூட்டர் படிச்சவ. வாயும் அதுக்கேத்த மாதிரி.

"என்ன அண்ணி, கட்டடமே ஆடுது?"

"படம் ஒண்ணும் வரலையாம்டி! உன் வேலை லட்சணத்தைப் பாத்து நாலு பேர் சிரிக்கிறாங்க!"

அவ பதறவே இல்லை. கடைக் கம்ப்யூட்டர்ல இருந்த ஐகானை டக் டக்னு தட்டினா. பக்கம் திறந்துச்சு. ராணிக்கொண்டை, முனிவர் சடை, போலீஸ்காரர் கிராப்பு, எல்லாம் ஜம்முனு நிக்குது.

"பாருங்க, நல்லாத்தானே இருக்கு? அவங்க பக்கம்தான் ஏதோ கோளாறு."

எனக்கு உசிரு திரும்பி வந்துச்சு. போனை எடுத்து, ரீலோட் பண்ணுங்க, வேற பிரவுசர்ல திறந்து பாருங்கன்னு டைரக்டரம்மாவுக்கே பாடம் எடுத்தேன். "எல்லாம் பண்ணியாச்சும்மா, அதே கட்டம்தான்"னாங்க. நாத்தனார் தன் போன்ல அட்ரஸைத் தட்டினா. அங்கேயும் கட்டம். வைஃபையை அணைச்சுட்டு மொபைல் டேட்டாவுல பாத்தா. கட்டம். பிரவுசர்ல சேர்ந்திருந்த பழைய குப்பையெல்லாம் அழிச்சுட்டுப் பாத்தா. அப்பவும் கட்டம். அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு. அவளுக்கே விளங்கலை.

"எல்லாம் இந்தப் பாழாப்போன மோடத்தாலதான்!"னு வயரைப் பிடுங்கி எறிஞ்சேன்.

"அண்ணி! இருக்கிற நெட்டையும் பிடுங்கிட்டீங்களே!"

கோபத்துல நானே போய் அந்த ஐகானைத் தட்டினேன். பக்கம் பளிச்சுனு திறந்துச்சு. ஒரு டோப்பா பாக்கியில்லாம எல்லாம் வந்து நின்னுச்சு.

"ஏய், இங்க வா. நெட்டுதான் செத்துப் போச்சே. இது மட்டும் எப்படிடி திறக்குது?"

அவ திரையைப் பாத்தா, என்னைப் பாத்தா, பொளேர்னு தன் நெத்தியில அடிச்சுக்கிட்டா. "ஐயோ அண்ணி, நாம இத்தனை நாளும் பாத்தது வெப்சைட்டே இல்லை! நான் இதுல செஞ்சு வச்ச நகல். பக்கத்தை மட்டும் நெட்ல ஏத்தியிருக்கேன். போட்டோ எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் ஃபோல்டர்லயே தூங்குது. யார் திறந்தாலும் அந்த வெப்பக்கம் அவங்க கம்ப்யூட்டருக்குள்ள இந்த ஃபோல்டரைத் தேடும். அங்க ஏது?"

நெசம்தான். சொந்தபந்தம் அத்தனை பேரும் கடைக்கு வந்து, இந்த ஐகானைத் தட்டிக் காட்டச் சொல்லி, ஆகா ஓகோன்னுட்டுப் போனாங்களே தவிர, அவங்கவங்க வீட்டுல அட்ரஸைத் தட்டிப் பாத்தவங்க ஒருத்தர் இல்லை. நல்ல சொந்தம்!

வயரைத் திரும்பச் சொருகினேன். லைட்டு பச்சையாகறதுக்குள்ள எனக்குப் பாதி உசிரு போயிருச்சு. அவ விரல் பறக்குது. ஒவ்வொரு போட்டோவா நெட்ல ஏத்தி, வெப்பக்கத்துல அது இருக்கிற இடத்தையும் மாத்திக்கிட்டே வர்றா. மறுபடியும் போன். ஸ்பீக்கர்ல போட்டேன். "டீ முடிஞ்சிருச்சும்மா. கமிட்டித் தலைவர் கடிகாரத்தைப் பாக்கிறார்."

"இப்போ ரீலோட் பண்ணுங்க!"ன்னு நாத்தனார் அங்கிருந்தே கத்தினா.

போன்ல யாரோ "அடேங்கப்பா!"ன்னாங்க. ராணிக்கொண்டை வந்திருச்சு. மறுபடி ரீலோட், முனிவர் சடை. மறுபடி ரீலோட், தோள் வரைக்கும் சுருள் சுருளா விழற ராஜா முடி.

ஒரு ஆம்பளைக் குரல் எரிச்சலா, "டோப்பாவைக் காட்டச் சொன்னா யாரோ முடி வளர்த்த ஆளைக் காட்டினா எப்படி?"ன்னுச்சு.

"அது என் வீட்டுக்காரர் சார்!"னேன். "மாடலுக்கு எங்க போறதுன்னு அவர் தலையில மாட்டி எடுத்தது. டோப்பாவைக் கழட்டினா மண்டையில மூஞ்சி பாக்கலாம்!"

அந்தப் பக்கம் கொல்லுனு ஒரு சிரிப்பு. நாற்காலி நகர்ற சத்தம். "எல்லாரும் எழுந்து ஸ்கிரீன்கிட்டயே போயிட்டாங்க. நெத்தி ஓரத்துல முடி கோத்த வலை தெரியுதான்னு தேடுறாங்க"ன்னு டைரக்டரம்மா கிசுகிசுத்தாங்க. தேடட்டும். என் வேலையில வலை தெரியுமா? நாத்தனார் என் கையை நசுக்கிட்டிருந்தா. வலிச்சுது, விடுன்னு சொல்லத் தோணலை.

கொஞ்ச நேரத்துல டைரக்டரம்மா நிதானமாக் கேட்டாங்க. "நோட்டீஸ்ல உங்க பேரை எப்படிப் போடணும்?"

கண்ணுல தண்ணி பொலபொலன்னு. நாத்தனார் இடிச்சப்புறம்தான் பேரைச் சொன்னேன். அவங்க காதுல விழுந்துச்சோ இல்லையோன்னு இன்னொரு தடவை, தெருவுக்கே கேக்கிற மாதிரி சொன்னேன். அதுக்கப்புறம்தான் சுயபுத்தி வந்துச்சு.

"நாளைக்கு அளவெடுக்க வரேன். நடிகருங்க எல்லாரையும் தலையை அலசிட்டு வரச் சொல்லுங்க. எண்ணெய்ப் பிசுக்கோட வந்தா நான் தொட மாட்டேன், ஆமா!"