மெஷின் மேல் போட்ட பழி

என் மனைவியின் இரத்தத்தை மூன்றாவது தடவையாக லேப் மெஷினில் விட்டேன். மறுபடியும் அதே அறுபத்து நாலு. சிவப்பணு ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது என்று காட்டும் எண் அது; எண்பதுக்குக் கீழே போகக் கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று மாதமாக அவளை வறுத்தெடுத்திருக்கிறேன். "சத்து மாத்திரையை முழுங்குறியா, ஜன்னல் வழியா வீசுறியா?" என்பேன். "சத்தியமா போடுறேங்க" என்பாள். நேற்று டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்து, அவளுக்கு இரும்புச்சத்துக் குறையே இல்லை, அணு சிறுத்திருப்பது பரம்பரையாக வந்ததாக இருக்கலாம் என்றார். அவளுக்கு மட்டும் என்றால் கவலையில்லை. எனக்கும் அதே கோளாறு இருந்தால், வயிற்றில் இருக்கும் நாலு மாதப் பிள்ளைக்கு நாலில் ஒரு பங்கு ஆபத்து. பிறந்த பிறகு மாதாமாதம் இரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வேண்டும்.

"நீங்களும் பாத்துடுங்க" என்றார். "எனக்கென்ன கேடு, மாடு மாதிரி இருக்கேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். பத்து வருஷமாக இந்த லேபில் ஊரார் கையைக் குத்துகிறவன், என் இரத்தத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

"மெஷின்தான் கோளாறு" என்றேன், கூட வேலை பார்க்கும் அக்காவிடம்.

"காலையிலதானே செக் பண்ணோம்? நல்லாத்தானே இருந்துச்சு?"

"போங்கக்கா. இப்ப நிரூபிக்கிறேன் பாருங்க. என் கையில எடுங்க."

எடுத்தார். குழாயை நானே மெஷினில் வைத்தேன். அந்த ஒரு நிமிஷம் உட்கார முடியவில்லை; காரணமே இல்லாமல் ஃபிரிட்ஜை இரண்டு தடவை திறந்து மூடினேன்.

அறுபத்தாறு.

"பாத்தீங்களா! எனக்கும் சின்னதாக் காட்டுது. சனியன், கெட்டுப் போச்சு!" வெளியே பெஞ்சில் இருந்தவளைக் கூப்பிட்டேன். "உனக்கு ஒண்ணும் இல்லடி. மெஷின்தான் பொய் சொல்லுது." அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அக்கா சிரிக்கவில்லை. தன் கையை நீட்டி, "எனக்கும் எடு" என்றார்.

எடுத்தேன். எண்பத்தொன்பது. இன்னொரு தடவை விட்டேன். எண்பத்தொன்பதேதான்.

அக்கா என் தோளைத் தொட்டார். கையைத் தட்டிவிட்டேன்.

"அப்ப மெஷின் சரியாத்தான் இருக்கா?" என்று கேட்டாள் மனைவி. டாக்டரம்மா சொன்னதை அவளும்தானே கேட்டிருந்தாள்! இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, ஏதாவது சொல்லுங்க."

வாயைத் திறந்தால் எரிந்து விழுவதுதான் என் வழக்கம். அன்று, "எனக்குப் பயமா இருக்கு" என்று மட்டும்தான் வந்தது.

"நான் மூணு மாசமா தனியாப் பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். "இப்பத்தான் துணைக்கு வந்திருக்கீங்க. நடங்க, டாக்டரம்மா கெளம்பிடுவாங்க."