முடி கனத்தில் ஒரு கம்பி

தன் கம்பி வலைக் கடைக்கு யார் வந்தாலும் அவள் முதலில் கேட்பது "எதுக்கு?" என்றுதான். மணல் சலிக்கவா, எண்ணெய் வடிகட்டவா என்று தெரியாமல் சுருளில் கத்தரி வைக்க மாட்டாள். சொந்த அண்ணனிடமும் அப்படித்தான் கேட்டாள்.

அண்ணனும் அண்ணியும் வீட்டை ஒட்டிய கொட்டகையில் மிளகாய் சாஸ் தயாரித்துக் கடைகளுக்குப் போடுகிறார்கள். சாஸில் விதை வருகிறது என்று புகார்.

"இருக்கறதுலயே நைஸான ஸ்டீல் வலை குடு."

"வினிகர் சேப்பீங்களா? சூடா ஊத்துவீங்களா? பம்ப் வெச்சுத் தள்ளுவீங்களா?"

"வலை கேட்டா ஜாதகம் கேக்குறியே!"

"ஓட்டை சின்னதாக ஆகக் கம்பியும் மெலிசாகும்ணா. பம்ப் தள்ளினா பிஞ்சிடும். சாதாரண ஸ்டீலை உப்பும் வினிகரும் சேர்ந்து அரிச்சிடும். முந்நூத்திப் பதினாறுன்னு ஒரு ரகம் இருக்கு, அதுதான் நல்லாத் தாங்கும். கைவசம் இல்ல, வரவழைக்கணும்."

"ஸ்டீல்னா ஸ்டீல்தான். தங்கச்சி கடைன்னு வந்தேன் பாரு!"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர், வேறு கடையில் நைஸான வலை வாங்கி மாட்டினார். சாஸ் பட்டுப்போல இறங்கியது. தங்கையிடம் பேச்சே நின்றுபோனது.

சில வாரம் கழித்து, புதுச் சாஸை ருசி பார்த்த அண்ணிக்கு நாக்கில் சுருக்கென்று குத்தியது. விரலால் எடுத்தால் முடி கனத்தில் ஒரு கம்பித் துண்டு, கூடவே ரத்தம். அண்ணிதான் நாத்தனாருக்கு போன் போட்டார்.

அவள் வந்து வலையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் கிழிசல். சுற்றிலும் ஊசி குத்தியதுபோல் அரித்த புள்ளிகள். 'அப்பவே சொன்னேனே' என்பது தொண்டைவரை வந்தது. அண்ணனின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டாள்.

"கடைக்குப் போனதுலயும் இருக்குமா?" என்றார் அண்ணன்.

"எப்பக் கிழிஞ்சதுன்னு தெரியாதேண்ணா."

"திருப்பி எடுத்து இன்னொரு தடவை வடிகட்டினா...?"

"ஏதாவது குழந்தை வாயில குத்தினா?" வீங்கிய நாக்கோடு அண்ணி குழறினார். "எல்லாத்தையும் கொட்டுங்க. கடைக்காரங்ககிட்ட நீங்களே சொல்லுங்க."

மூவரும் வண்டியில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். அண்ணன் ஒவ்வொரு இடத்திலும் தலை குனிந்து விஷயத்தைச் சொல்லிப் பாட்டில்களை வாங்கினார். ஒரு கடைக்காரர், "கம்பி எண்ணப் போகவேண்டியவர், கம்பியையே பாட்டில்ல போட்டு வித்திருக்கீரே!" என்றார். வண்டியில் ஏறியதும் அண்ணி சிரித்துவிட்டார். "ஐயோ, வலிக்குதே" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தார். உர்ரென்று இருந்த அண்ணனுக்கும் அடக்க முடியவில்லை.

"அந்த ரகத்தை வரவழைச்சிடு" என்றார் தங்கையிடம்.

இம்முறை கொஞ்சம் பெரிய ஓட்டையுள்ள வலை. அடியில் தாங்க அதே ரகத்தில் தடித்த கம்பி வலை. ஒவ்வொரு முறை ஓட்டியபின்னும் அண்ணன் கழற்றிக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். பல கடைகள் மறுபடி வாங்கின. ஒரு பெரிய கடை மட்டும் வேண்டாம் என்றுவிட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அண்ணன் உள்ளே போய், "மறுபடி போடட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வருகிறார்.