கடல் கேட்கிற நாடு

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாளே கிடையாதா? அன்று சாயந்திரம்தான் ஸ்பானிஷ் வகுப்பில் நான் பொலிவியாவைப் பற்றிப் பேச வேண்டும். பேசாவிட்டால் அடுத்த வகுப்பில் இடமில்லை. ஆரோவில் பக்கம் லூசியா டீச்சர் நடத்தும் அந்த வகுப்புக்காக ஒரு வருஷமாக மரக்காணத்தில் பஸ் ஏறிக்கொண்டிருந்தேன். ஆளுக்கொரு நாடு என்றதும், கடலே இல்லாத நாடாகக் கேட்டு வாங்கியவள் நான். சுனாமி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்பா வேலை செய்யும் உப்புப் பாத்திகளையெல்லாம் சேறாக்கிவிட்டுப் போன கடல்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

"கிளாஸாம் கிளாஸு! இன்னிக்கு வாயத் தொறந்தே, தொலைச்சிடுவேன்," என்றாள் அம்மா.

வந்தவர்கள் சொன்ன நேரத்துக்காவது வந்தார்களா? அதுவும் இல்லை. கேசரி கொடுத்தேன், காலில் விழுந்தேன். மாப்பிள்ளை அசோகன் செல்போனையே நோண்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா ஞானாம்பாள் வழக்கம்போலக் கேட்டாள்: "பொண்ணு ஏதாவது பாடுமா?"

"பாட்டு வராதுங்க. பொலிவியா வரும்."

உள்ளே போய், வகுப்புக்காக வரைந்து வைத்திருந்த சார்ட்டை எடுத்துவந்து சுவரோரம் பிடித்தேன். "புவேனாஸ் தார்தேஸ்!" என்று ஆரம்பித்து ஸ்பானிஷில் கடகடவென்று முழுசும் ஒப்பித்துவிட்டேன். அம்மா முகத்தைப் பார்க்கவேயில்லை.

"ஏம்மா, இது வேதக்காரங்க ஜெபமா?" என்றாள் ஞானாம்பாள்.

"கிளாஸ் பாடங்க," என்று அதையே தமிழில் சொன்னேன். ஏறினாலே மூச்சு வாங்கும் மலைகள், தொப்பி போட்ட பொம்பளைகள், கண்ணுக்கெட்டிய வரை உப்பு.

"அங்கயும் உப்பா?" என்று அப்பா நிமிர்ந்தார்.

"ஆமாம்பா. ஆனா கடல் இல்ல. சண்டையில பக்கத்து நாட்டுக்குப் பறிகொடுத்துட்டாங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. இன்னமும் மார்ச் மாசமானா ஊர்வலம் போயி, எங்க கடல குடுன்னு கேக்கறாங்க. கப்பல் படை கூட வெச்சிருக்காங்க."

அசோகன் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தான். "கடலே இல்லாதவனுக்குக் கப்பல் படையா? லூசுப் பசங்க."

"சரி சரி," என்றாள் அவன் அம்மா. "கல்யாணத்துக்கு அப்புறம் இந்த கிளாஸெல்லாம் வாணாம். கேட்டாலும் அனுப்பறதா இல்ல."

எனக்குச் சுருக்கென்றது.

"குடுக்க மாட்டாங்கன்னு அவங்களுக்கும் தெரியுங்க. அதுக்காகக் கேக்காம இருந்துடுவாங்களா?"

சார்ட்டைச் சுருட்டினேன். அம்மா கையைப் பிடித்தாள். உதறிவிட்டு நடந்தேன். பின்னால் அவள் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது. அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் புதுச்சேரி பஸ்ஸில் ஏறினேன்.

வழியில் மரங்களுக்கு நடுவே கடல் தெரிந்தது. ஒரு வருஷமாக அந்தப் பக்கம் திரும்பாதவள், அன்று நன்றாகவே பார்த்தேன்.

பட்டுப்புடவையையும் தலை நிறைய மல்லிகையையும் பார்த்த கண்டக்டர், "என்னம்மா, கல்யாணத்துக்கா?" என்றார்.

"இல்லண்ணே," என்றேன். "ஊர்வலத்துக்கு."