துண்டுக்குள் பேசிய விலை

விற்கிற எண்ணம் எனக்கு மருந்துக்கும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'பழைய போனோகிராப் விற்பனைக்கு' என்று செல்போனில் படம் பிடித்துப் போட்டது, யாராவது வரட்டும் என்றுதான். வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வாய் காப்பி குடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனால் போதும். அதற்கு வீட்டில் ஒரு சாமானைக் காட்டினால்தான் உண்டு என்கிற நிலைமைக்கு நான் வந்திருந்தேன்.

என் பெயர் ஞானசம்பந்தன். பத்திரப் பதிவு ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் உத்தியோகம். வீடு டவுணில், மேல ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். மனைவி கோமு போய் நாலு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. என் வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்காது. வாசலில் பைக்கை நிறுத்தினான் என்று எதிர்வீட்டுக்காரனோடு சண்டை. காலையில் சேர்ந்து நடக்கப் போகிறவர்களில் ஒருத்தர் என்னைப் 'பெருசு' என்றார். பதிலுக்கு நான் அவரைச் சொன்னதை இங்கே எழுத முடியாது. கோமுவின் அண்ணனோடு அவளுடைய பதினாறாம் நாளிலேயே முறித்துக்கொண்டேன். அவள் இருந்தவரை, நான் கெடுத்துவிட்டு வந்த இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போய்ச் சிரித்துப் பேசிச் சரிசெய்வாள். இப்போது யார் போவது? சில நாள் சாயங்காலம் பால்காரனிடம் பேச வாயைத் திறந்தால் தொண்டை கட்டியிருக்கும். காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

போனோகிராப் என் தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தபோது வாங்கிவந்தது. தட்டு போட்டுப் பாடவைக்கிற கிராமபோன் இல்லை, அதற்கும் முந்தியது. தட்டுக்குப் பதில் டம்ளர் அளவில் மெழுகு உருளை. சாவி கொடுத்தால் உருளை சுற்றும், ஊசி உரசும், பித்தளைக் குழாய் வழியாகச் சத்தம் வரும். மரப்பெட்டியின் முன்பக்கம் கம்பெனி பெயர் பொன்னெழுத்தில் இருந்தது. எங்களிடம் மிஞ்சிய உருளை ஒன்றே ஒன்று. அதில் யாரோ நாதஸ்வரம் வாசிப்பது கொசு கத்துவது போலக் கேட்கும்.

படத்தைப் பார்த்து முதலில் வந்தவர்கள் இரண்டு இளவட்டங்கள். நின்றபடியே விலை கேட்டார்கள், நின்றபடியே போனார்கள். காப்பி ஆறிப்போயிற்று. அடுத்த வியாழக்கிழமை மேலப்பாளையத்திலிருந்து பிச்சைக்கண்ணு பாய் வந்தார். பழைய சாமான் வியாபாரி, என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். மிஷின் பக்கமே போகவில்லை. உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், கருப்பட்டிக் காப்பியை வாங்கிக்கொண்டு, "இது உடன்குடிக் கருப்பட்டிலா?" என்றார். அரைமணி நேரம் கழித்துத்தான் எழுந்துபோய்ப் பெட்டியை முகர்ந்து பார்த்தார். கண்ணாடிவில்லையை வைத்துப் பொன்னெழுத்தைப் பார்த்தார். குழாயை நகத்தால் சுண்டிக் காதைக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, இதைத் தொடைச்சியளா?"

"இல்லவே. தூசி தட்டுததோட சரி. சரஸ்வதி பூசைக்குப் பொட்டு வைப்போம்."

"பொட்டும் வேண்டாம். புளி போட்டுக் கிளி போட்டுத் தேச்சிராதிய. இந்தப் பழைய வார்னிசும் இந்த எழுத்தும் அப்படியே இருக்கதுக்குத்தான் விலை. பளபளன்னு ஆக்கிட்டியன்னா பாத்திரக்கடைச் சரக்காப் போயிரும்."

பிறகு என் எதிரே உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வலது கையின் மேல் போட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துண்டுக்குள் அவர் கை வந்து என் விரல்களைப் பிடித்தது.

"எங்க வாப்பா மாட்டுத் தரகர், அண்ணாச்சி. சந்தையில இப்படித்தான் விலை பேசுவாவ, பக்கத்துல நிக்கவனுக்குத் தெரியாம. ஒரு விரலுக்குப் பத்தாயிரம். எனக்கு வாயால விலை பேச வராது" என்று சொல்லிவிட்டு, நாலு விரலைச் சேர்த்து அழுத்தினார்.

"இங்கன யாருவே இருக்கா, மறைச்சுப் பேச?" என்று கேட்டேன். கேட்டேனே தவிர கையை எடுக்கவில்லை. கோமுவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு யார் யாரோ என் கையைப் பிடித்தார்கள். அதற்கப்புறம் என்னைத் தொட்ட மனிதர் இவர்தான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மெதுவாகத்தான் அவர் விரலைத் தள்ளி, "கட்டுபடியாகாது" என்றேன்.

"சரி. அடுத்த வியாழக்கிழம வாரேன்" என்றார்.

வந்தார். அதற்கடுத்த வியாழனும் வந்தார். நாலு மணிக்குச் செருப்புச் சத்தம் கேட்கும். நான் மூன்றரைக்கே அடுப்பைப் பற்றவைத்துவிடுவேன். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்பதிலிருந்து அவருடைய மூட்டுவலி வரை பேசுவோம். வீட்டுக்காரி மைதீன் பாத்திமா மீன்குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுவிடுகிறாள் என்பார். ஆபீசில் எப்போதோ என்னை ஏசிய ஒரு வக்கீலை நான் திட்ட ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "அவன் கெடக்கான் விடுங்க" என்பார். கடைசியில் துண்டு விழும். இரண்டாயிரம், மூவாயிரம் என்று ஏற்றுவார். அதற்கென்றே சுண்டுவிரலில் பாதியைப் பிடிப்பார். நான் தள்ளுவேன். ஏப்ரலில் தொடங்கியது, புரட்டாசி வரை ஒரு வாரம் தப்பவில்லை. என்னை ஏய்த்து அடிமாட்டு விலைக்கு அமுக்கத்தான் இந்த ஆள் இப்படி நடையாய் நடக்கிறார் என்று நினைத்தேன். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன?

ஒரு வியாழன் அவர் எண்பதாயிரத்தைத் தொட்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது. இப்படியே ஏறினால் ஒரு நாள் சரி என்று சொல்லித்தானே ஆகவேண்டும்? எட்டாத உயரத்தில் சொல்லிவைப்போம் என்று, "ஒரு லச்சத்து எம்பதாயிரம். ஒரு பைசா கொறையாது" என்று கத்தினேன். பாய் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறு வியாழன் வந்தவர் உட்காரவே இல்லை.

"பெங்களூர்ல ஒரு பெரியவர் இருக்காரு, அண்ணாச்சி. இந்தச் சாமானுக்காக இருபது வருசமாத் தேடுதாரு. நீங்க கேட்டது கேட்டபடி. அடுத்த வியாழக்கிழம வண்டி வருது. வாக்கு குடுத்துட்டேன்."

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. கமிஷன் கிடைக்கப்போகிற ஆளுக்கு என்ன வந்தது என்று எரிச்சலாக இருந்தது. சொன்ன விலையை மாற்றவும் முடியவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

அந்த வாரம் புதன்கிழமை சரஸ்வதி பூஜை. காலையில் குளித்துவிட்டு மிஷினை மணையில் தூக்கிவைத்தேன். நம் வீட்டில் கடைசிப் பூஜை, அழுக்கோடா அனுப்புவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோமு இருந்தால் குளிப்பாட்டித்தான் அனுப்புவாள் என்றும் சொல்லிக்கொண்டேன். எல்லாம் பொய். தெரிந்தே புளியைக் கரைத்தவன் நான்தான். குழாயைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். நூறு வருஷத்து மங்கல் போய் மஞ்சளாக மின்னியது. பெட்டியைச் சீயக்காய்த் தண்ணீரில் துணி நனைத்து அழுத்தித் துடைத்தேன். பொன்னெழுத்து துணியோடு வந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டினேன். விலை குறைந்துவிடும், பெங்களூர்க்காரர் வேண்டாம் என்பார், பாய் மறுபடி நாற்பதாயிரத்திலிருந்து துண்டைப் போடுவார், இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம். என் கணக்கு இதுதான்.

வியாழன் நாலு மணிக்குப் பாய் வந்தார். கூட ஒரு டிரைவர், கையில் அட்டைப்பெட்டி, கம்பளி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே மின்னியது அவர் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு செருப்போடு அப்படியே நின்றார்.

"அண்ணாச்சி."

"பூசைவே. வருசா வருசம் பண்ணுததுதான்."

கிட்டே வந்து, எழுத்து இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். டிரைவர் போனில் படம் எடுத்து அனுப்பினான். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. அதைப் பாயிடம் காட்டிவிட்டு, அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டான்.

"வேணாம்னுட்டாரு" என்றார் பாய்.

"போறாரு. நீரு உக்காரும், காப்பி கொண்டாரேன். வெலைய மறுபடி பேசுவோம்."

"என்னத்தப் பேச? மொத நாளே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா?"

"மறந்துபோச்சுவே."

"மறக்கக்கூடிய ஆளா நீங்க? முப்பது வருசத்துக்கு முன்ன ஒருத்தன் ஏசுனத இன்னும் ஞாபகம் வச்சிருக்கிய." துண்டை உதறித் தோளில் போட்டார். "மொத நாளே இதோட விலை எனக்குத் தெரியும், அண்ணாச்சி. அன்னைக்கே சொல்லி எடுத்துட்டுப் போயிருப்பேன். ஆறு மாசமா எதுக்கு நடந்தேன்னு நெனைச்சிய?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னை ஏய்க்கத்தான நடந்தீரு! தெரிஞ்ச விலைய மறைச்சுல்லா வச்சிருக்கீரு!"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. பாய் வாசலுக்கு நடந்தார். கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு சந்து திரும்பி மறைந்தார்.

அடுத்த வியாழன் வரவில்லை. நான் போன் அடித்தேன், அவர் எடுக்கவில்லை. அதற்கடுத்த வியாழனும் அப்படித்தான். மிஷின் கூடத்தில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் ஒரு போர்வையைப் போட்டு மூடினேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் இருந்துகொள்வது எனக்குப் பழக்கம்தான். கோமு இல்லாததால் நானே போகவேண்டும் என்பது புரிய நாலு வாரம் ஆயிற்று.

நாலாவது வியாழன் மூன்று மணிக்கு மேலப்பாளையம் பஸ் ஏறினேன். என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் பேசிப் பார்த்தேன். தப்பு என்னுடையது, விலைக்காக உம்மைக் கூப்பிடவில்லை, நீர் வராவிட்டால் எனக்குப் பேச ஆளில்லை. இவ்வளவுதான். இதைச் சொல்ல என்ன கஷ்டம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது பழக்கமில்லாத வேலை.

கடை பூட்டியிருந்தது. பக்கத்திலேயே வீடு. கதவைத் தட்டியதும் ஒரு அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தாள். மைதீன் பாத்திமா இவள்தான் என்று தெரிந்துகொண்டேன்.

"பாய் இருக்காரா?"

"இல்லியே. வியாழக்கிழமைல்லா, டவுணுக்குப் போயிருக்காவ. அங்கன ஒரு அண்ணாச்சி வீட்டுக்கு."

"போன வாரமும் போனாராம்மா?"

"ஏப்ரல்லேருந்து ஒரு வாரம் தப்புனதில்ல. பயலுவ ரெண்டு பேரும் துபாய்ல கெடக்கானுவ. இவிய எங்கிட்ட ஒரு வார்த்த பேச மாட்டாவ, சாப்பாட்டக் கொற சொல்லுததோட சரி. அந்த அண்ணாச்சிகிட்டப் போயிட்டு வந்தாத்தான் மூஞ்சில ஒரு சிரிப்பு. இப்ப ஒரு மாசமா அதுவும் இல்ல. சட்டைய மாட்டிட்டுப் போறாவ, இருட்டுத நேரம் வாராவ. அந்த அண்ணாச்சிக்கு ஒடம்புக்கு என்னமோ, தெரியல. கேட்டாச் சொல்ல மாட்டேங்காவ."

மணி நாலு அடிக்க இருந்தது. இந்நேரம் அவர் எங்கே உட்கார்ந்திருப்பார்? ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டிலா, குறுக்குத்துறை ஆற்றுப் படிக்கட்டிலா, எங்கள் தெரு முனையிலேயே ஏதாவது டீக்கடையிலா? நாலு வியாழக்கிழமை வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்து, ஒருத்தரும் இல்லாமல் எங்கேயோ உட்கார்ந்து நேரத்தைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். நான் கூடத்தில் அதே நேரத்தைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். அழுகை வந்தது. அவள் முன்னால் எப்படி அழுவது?

"நீங்க யாரு? வந்தா என்னன்னு சொல்ல?"

என் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் அவர் சொன்ன பொய் உடைந்துபோகும். அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பழைய சாமான் ஒண்ணு இருக்கு தாயி. வந்து பாக்கச் சொல்லணும்."

"என்ன விலை போவும்?"

"விலையெல்லாம் ஒண்ணும் போவாது. சும்மா வந்து பாத்துட்டுப் போகட்டும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "விலை போகாத சாமானப் பாக்க அவிய எதுக்குப் போவணும்?"

நல்ல கேள்விதான். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். பஸ் நிறுத்தம் வரை வந்த பிறகு, பெயரைச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. திரும்பி நடந்தால் ஐந்து நிமிஷம். டவுண் பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.