சூடு ஆறாத மேலங்கி

கோடை முதிர்ந்து, வெயில் ஏறி, காற்றும் களைத்து மரநிழல்களில் ஒதுங்கிக்கொண்ட முற்பகல் வேளை. நகரத்தின் அகன்ற தெருவொன்றில் வண்டிகள் ஒன்றையொன்று முந்தி இரைந்து செல்ல, கடைக்காரர்கள் பாதிக் கதவை இறக்கிவிட்டு உள்ளிருளில் விசிறிக்கொண்டிருக்க, இவற்றுள் எதனோடும் தனக்கு உறவில்லை என்பதுபோல் நீண்டுயர்ந்து நின்றது படைத்துறை ஆவணமனை. சாம்பல் நிறச் சுவர்களும், இரும்புக் கம்பியிட்ட பலகணிகளும், மிதிபட்டு மிதிபட்டு நடுவில் குழிந்த கற்படிகளும் உடைய அம்மனையுள், இறந்தோரும் இருப்போரும் ஒரே வகைக் கட்டுகளில் ஒரே வகைக் கயிற்றால் பிணைக்கப்பட்டு அடுக்கடுக்காய் உறங்கினர். நயமறிந்த நண்பரே, ஒருவன் எங்கே இருந்தான், என்ன செய்தான் என்பதை அவனையே கேட்டறிவது உலக வழக்கு; அவனை வெளியே அமர்த்திவிட்டு அவனுடைய கட்டைக் கேட்டறிவது அம்மனையின் வழக்கு.

அன்று அதன் மாடியில், சுவரோரம் இட்ட நெடும்பலகையில், நரைத்த தலையும் ஒருபுறம் சற்றே தாழ்ந்த தோளும் உடைய முதியவர் ஒருவர் தம் மனைவியோடு அமர்ந்திருந்தார். இளமையில் மலைக்காவற் படையொன்றில் சமையற்காரராய் இருந்தவர். உடனிருந்த படைஞர்கள் அவருக்கு இட்ட பெயர் கரண்டி. பெற்றோர் இட்ட பெயரை வீட்டாரும் மறந்துபோகுமளவுக்கு அதுவே நிலைத்துவிட்டது. போரிலிருந்து திரும்பிய நாள்முதல் அவரிடம் எதுவோ மரத்துப்போயிருந்தது. கொதிக்கும் பானையை வெறுங்கையால் இறக்கி வைப்பார். தாயைப் புதைத்துவிட்டு வந்து வழக்கம்போல் உண்டார். மகள் மணமாகிப் பிரிந்த அன்று, வந்தவர்களுக்குப் பந்தி போதுமா என்றுமட்டும் கேட்டார். கல்நெஞ்சர் என்று சுற்றத்தார் சொன்னதுண்டு. கல்லாவது வெயிலில் சுடும், இவருக்கு அதுவும் இல்லை என்று மனைவி தமக்குள் சொல்லிக்கொண்டதும் உண்டு.

அவர் வேண்டி வந்தது தம் படைப்பதிவின் திருத்தம். பனி மூடிய ஒரு காவல்மேட்டில் பகைவர் ஏறிவந்த விடியலில், உணவு சுமந்து மேலே சென்றிருந்த கரண்டி, சுடுபவன் இறந்துபோனமையால் தாமே சுடுகலனைப் பிடித்து, பகை திரும்பத் தொடங்கும்வரை நின்று, தோளில் குண்டேற்று வீழ்ந்தார். ஆனால் ஏடு வேறு சொன்னது. அடுக்களைக் கொதிகலம் வெடித்துத் தெறித்த இரும்பு அவர் தோளைத் துளைத்தது என்றும், சுடுகலனைப் பிடித்தவரும் தோளில் குண்டேற்று அதனாலேயே இறந்தவரும் நெட்டை என்று அழைக்கப்பட்ட அவருடைய தோழரே என்றும் அதில் எழுதியிருந்தது. போர்முனைப் பதக்கமும் நெட்டையின் மனைவிக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய படைஞர் கூடும் இடங்களில் “சுடுதண்ணியோட சண்டை போட்டவன்” என்று கரண்டியைக் கேலி செய்வார்கள். அவரும் உடன் சிரிப்பார். சிரித்துச் சிரித்தே ஆண்டுகள் பல கழிந்தபின், ஒருநாள் அவர் நெஞ்சில் ஓர் ஐயம் புகுந்தது. ஏடு சொல்வதே மெய்யோ, மேட்டில் நின்றது வெறுங் கனவோ என்னும் அவ்வையம் மெல்ல வளர்ந்து, தம் வாழ்வின் ஒரே பெருநாள் தமக்குரியதுதானா என்று தெரியாமலே இறந்துபோவோமோ என்ற அளவுக்கு அவரைக் கொண்டுவந்து விட்டிருந்தது.

பதிவுத் திருத்தக் குழுவின் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்து, கட்டைப் புரட்டினார். அருகில் ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஒருவர் வீற்றிருந்தார்.

“ஐயா, நீங்க கேக்கறது உங்க பதிவை மட்டும் மாத்தறதில்ல. அந்தக் காயம் இன்னொருத்தர் பேர்ல இருக்கு. அதுவும் இறந்துபோனவர் பேர்ல. அது எப்படி மாறியிருக்கும்னு சொல்லுங்க.”

கரண்டி சொன்னார். அம்மேட்டில் இருவருக்கு ஒரு கம்பளி மேலங்கிதான் இருந்தது. அதன் உட்கழுத்தில் உடையவனின் எண் தைத்திருக்கும். காவல் மாறும்போது, விலகுபவன் தன் உடற்சூடு ஆறுமுன் அங்கியைக் கழற்றி, வருபவன் தோளில் போர்த்த வேண்டும். ஆறிய அங்கியைக் கொடுத்தவனோடு ஒரு வாரம் எவரும் முகங்கொடுத்துப் பேசமாட்டார்கள். மேலிடம் அறியாத இவ்வழக்கத்தின்படி, சுடுகலனருகே அவர் அமர்ந்தபோது அங்கே காவலில் இருந்த நெட்டை தன் அங்கியைக் கழற்றி அவருக்கு அணிவித்தான். நினைவிழந்த அவரைத் தூக்கிச் சென்றவர்கள் அங்கியிலிருந்த நெட்டையின் எண்ணையே எழுதிக்கொண்டார்கள். பின்பு நெட்டையும் இறந்து கிடக்கவே, அக்காயமும் அவ்விறப்பும் அவன் பேரில் ஒன்றாயின. மருத்துவமனையில் கண்விழித்து அவர் தம் பெயரைச் சொன்னபோது, அன்றைய வரிசைப்படி அவர் அடுக்களையில் இருந்தவராயிற்றே என்று, காயத்துக்கு ஏற்ற ஒரு கொதிகலத்தை எவரோ எழுத்தில் வெடிக்க வைத்தார்கள்.

“கோட்டும் அவரோடது, காயமும் அவரோடது. உங்களுக்கு என்னதான் மிச்சம், பெரியவரே?” என்றார் படைத்தலைவர், சிரியாமல்.

தலைவி அவரைத் தடுத்துவிட்டு, மெல்லக் கேட்டார்: “வேற ஆதாரம் இல்லைன்னாலும் பரவாயில்ல. நீங்க உறுதியாச் சொல்லுங்க. அன்னைக்கு மேல இருந்தீங்களா?”

ஆம் என்ற ஒரு சொல்லில் பாதி வழக்கு முடிந்திருக்கும்.

“இருந்தேன்னுதான் நினைக்கிறேன்,” என்றார் கரண்டி.

தெருவுக்கு வந்ததும் மனைவி வெடித்தார். “நினைக்கிறீங்களா? இதைச் சொல்லத்தான் என்னை இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தீங்களா? உப்புப் போட்டமா இல்லையான்னா நினைக்கலாம். குண்டு பட்டுச்சா இல்லையான்னுமா நினைப்பாங்க?” சற்றுத் தொலைவு நடந்தபின் குரல் தணிந்தது. “அந்த நெட்டை அண்ணன் வீட்டுக்குப் போவோம். அவங்க சம்மதம் இல்லாம இது நடக்காது. வேண்டாம்னு அவங்க சொல்லிட்டா அதோட விட்டுடுவோம்.”

நெட்டையின் மனைவி ஊரின் மறுகோடியில் சலவைக்கடை நடத்தி வந்தார். நீராவி மணக்கும் சிறு அறையில், ஒருபுறம் அழுக்கு மூட்டைகளும் மறுபுறம் மடித்தடுக்கிய வெண்துணிகளும் இருக்க, நடுவில் தேய்ப்புப் பலகையருகே நின்றுகொண்டு, ஒரு சட்டைக் கையின் மடிப்பைக் கூர்மையாக்கிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல், கண்ணாடிச் சட்டத்துள், அப்பதக்கம் தொங்கியது. துணி வாங்க வந்த ஒருவர் அதை நோக்கிக் கைகுவித்துவிட்டுச் சென்றார். அம்மையார் அதைக் காணாதவர்போல் அடுத்த சட்டையை எடுத்தார்.

கரண்டி தாம் இன்னார் என்று சொல்லி, வந்த காரணத்தையும் சொன்னார். ஒரு கைம்பெண்ணின் சுவரிலிருந்து அவள் கணவனின் பெருமையைக் கழற்றிக் கேட்பது எளிதன்று. சொற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்து பாதியில் நின்றன. அம்மையார் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“உக்காருங்கண்ணே. அண்ணி, நீங்களும் உக்காருங்க,” என்றார். “அவரை நான்தான் குளிப்பாட்டினேன். துணியில ஒரு சின்னக் கறை இருந்தாக்கூட எனக்குக் கண்ணுல படும். அவர் உடம்புல ஒரு கீறல் இல்ல. ரெண்டு கையையும் கக்கத்துல வச்சு இறுக்கிக்கிட்டு இருந்தார். பிரிக்கவே முடியல. அப்படியேதான் பெட்டியில வச்சோம். குண்டு பட்டவர் அப்படியா இருப்பார்?”

தாம் விழுந்தபின் நெட்டை சுடுகலனைப் பிடித்திருப்பான், குண்டு பட்டிருப்பான் என்றே கரண்டி இத்தனை ஆண்டும் எண்ணியிருந்தார். பகை திரும்பிய பின்பு, சுடவோ சுடப்படவோ எவருமில்லாத அந்தப் பனிவெளியில், அங்கியில்லாத ஒருவன் அடுத்த காவலாள் வரும்வரை காவல் நின்றிருப்பான் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

“குளிர்ல செத்துப்போனார்னு அப்பவே சொன்னேன். துக்கத்துல ஏதோ பேசறாங்கன்னு சொல்லிட்டாங்க. அவர் சாமான் எல்லாம் வந்துச்சு. சோப்புப் பெட்டிகூட வந்துச்சு. அந்தக் கோட்டு மட்டும் வரல. சரி, யாரோ ஒருத்தருக்குக் குளிராம இருந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.” அவர் பதக்கத்தை நிமிர்ந்து பார்த்தார். “இத்தனை வருஷமா எல்லாரும் இதைக் கும்பிடறாங்க. அவர் பூனை குறுக்க வந்தாக்கூடத் திரும்பி வந்துடுவார்ண்ணே. பட்டாசுச் சத்தம் கேட்டா என் பின்னால வந்து நிப்பார். துப்பாக்கியைப் பிடிச்சு நின்னவர்னு இவங்க சொல்ற ஆளை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சவரைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல.”

“அந்தக் கோட்டு என் மேலதான் இருந்துச்சு, தங்கச்சி,” என்றார் கரண்டி.

அறையில் நீராவி மெல்ல உயர்ந்து கலைந்தது. கரண்டியின் மனைவி தம் கணவரைப் பார்ப்பதா, அந்த அம்மையாரைப் பார்ப்பதா என்றறியாமல் அடுக்கியிருந்த துணிகளைப் பார்த்தார். பழிச்சொல் வரும் என்று எதிர்பார்த்திருந்த கரண்டி, அது வந்தால் நன்றாயிருக்கும் என்றும் எண்ணினார். அம்மையார் கேட்டதோ வேறு.

“அவர் கொடுக்கும்போது சூடா இருந்துச்சா?”

அக்கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கவில்லை. கழுத்தைச் சுற்றி, முதுகின் நடுவே, அக்குள்களில், இன்னொருவன் உடலின் வெம்மை ஈரக் கம்பளி மணத்தோடு வந்து படிந்தது. எந்த ஏடும் எழுதியிராத, எந்தக் கனவும் தந்துவிட முடியாத வெம்மை அது. தாம் அங்கே இருந்ததைக் கரண்டி அறிந்தார். எவனுடைய சூட்டில் இருந்தோம் என்பதையும் அதே நொடியில் அறிந்தார். அறிந்தும் அவர் கண்கள் உலர்ந்தே இருந்தன.

“சூடா இருந்துச்சு, தங்கச்சி. ஆறவே இல்ல.”

அம்மையார் தலையசைத்தார். பின்பு முக்காலியின் மேல் ஏறி, சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றி, அதன் தூசியைத் துடைத்து, துணிகளைக் கட்டும் தாளில் வைத்து மடித்துக் கட்டினார். “என்னைக்குப் போகணும்னு சொல்லுங்க. நானும் வர்றேன்,” என்றார்.

மீண்டும் அதே மாடி; அதே மேசை. அம்மையார் தாம் கண்டதைச் சொல்ல, கரண்டி இம்முறை தடுமாறாமல் தாம் இருந்ததைச் சொன்னார். தலைவி எழுதி முடித்து, இறுதியில் சற்றுத் தயங்கினார்.

“அம்மா, ஒண்ணு சொல்லணும். உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கற வரியை ‘குளிரால் இறப்பு’ன்னு மாத்தணும். குளிர்ல இறந்தவங்களுக்கு இந்தப் பதக்கம் கிடையாது. திருப்பி வாங்க வேண்டியிருக்கும். யோசிச்சுக்கோங்க.”

அம்மையார் பொதியை மேசைமேல் நகர்த்தினார். “எடுத்துக்கோங்க. குளிர்ல போனார்னே எழுதுங்க. ஆனா ஏன் குளிருச்சுன்னும் எழுதுங்க.”

“அதுக்கு இதுல இடம் இல்லையேம்மா.”

எவரும் எதிர்பாராமல் படைத்தலைவர் கட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு காலத்தில் தாமும் ஏதோ ஒரு மலையில் நின்றவர்தாம் போலும். கரண்டியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். “காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. இதுவரைக்கும் யாரும் அதுல ஒரு சொல்லுக்கு மேல எழுதினதில்ல, அவ்வளவுதான்,” என்றவர், குறுகிய அக்கட்டத்துள் சிறிய எழுத்துகளில் எழுதினார்: குளிர், தன் மேலங்கியைத் தோழனுக்குக் கழற்றிக் கொடுத்தமையால்.

அம்மையார் அதை இருமுறை படித்தார். “இவர்தான்,” என்றார். “இவரைத்தான் எனக்குத் தெரியும்.”

அவர்கள் மூவரும் படியிறங்கி வந்தபோது வெயில் உச்சியைத் தொட்டிருந்தது. தார் இளகி மிதியடியில் ஒட்டியது. நிழல் தேடி நடப்போர் நெற்றியிலெல்லாம் வியர்வை வழிந்தது. குழு அவர் பெயருக்கு மாற்றித் தந்த பதக்கம் இப்போது, சட்டமின்றி, கரண்டியின் சட்டைப்பையில் இருந்தது. சில அடிகள் நடந்தவர் நின்றுவிட்டார். முதலில் விரல்கள் நடுங்கின. பின் தாழ்ந்த தோள், பின் முழங்கால்கள், பின் பற்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசை. மனைவி பதறி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“காய்ச்சல் இல்லையே. என்னங்க பண்ணுது?”

“குளிருது,” என்றார் கரண்டி. சொன்ன அளவில் அவர் கண்ணீர் வடித்தார். மணமான நாள்முதல் மனைவி கண்டிராத கண்ணீர். சலவைக்கடை அம்மையார் அருகில் வந்து, அவருடைய இரு கைகளையும் பற்றித் தம் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். தேய்ப்புப் பெட்டியோடு வாழ்ந்த அக்கைகள் சூடாயிருந்தன.

தெரு அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடியது. மேலே, ஆவணமனையின் எண்ணற்ற கட்டுகளுள் ஒன்றில் ஒரு வரி மாறி, மை உலர்ந்து, மீண்டும் கயிறு கட்டப்பட்டது. நண்பரே, நெட்டை என்னும் எளியவன் குளிரால் இறந்தான் என்பதை ஏடு அறிந்துகொள்ள ஒரு வாழ்நாளளவு காலம் ஆயிற்று. அந்தக் குளிர் கரண்டியை வந்தடையவும் அத்தனை காலமே ஆயிற்று.