வாய் திறந்த நாள்

கெங்கம்மாளுக்கு ஆத்திரம் வந்தால் வேகமாக வேலை செய்வாள். பயம் வந்தால் அதைவிட வேகமாகத் தப்பு செய்வாள். அன்றைக்குக் காலையில் வந்தது பயம். கள்ளிக்குப்பம் தெருமுனையில், "கொசு பாக்க வந்துகீறோம், தொட்டியெல்லாம் காட்டுங்க" என்று மாநகராட்சிக் கொசு ஒழிப்பு ஊழியர் சபீனாவின் குரல் கேட்டதுதான் தாமதம், மொட்டை மாடிக்கு ஓடிப்போய்ப் பாசித் தண்ணீர்த் தொட்டியை அப்படியே கவிழ்த்துவிட்டாள். அபராதம் போட்டால் தெருவே சிரிக்கும் என்று நினைப்பு.

கவிழ்த்த பிறகுதான், விற்பதற்காக மீன் வளர்க்கும் பக்கத்துத் தொட்டியைப் பார்த்தாள். மூன்று நாளாக, ஆண் மீன் கட்டிய நுரைக்கூட்டுக்குக் கீழே அசையாமல் தொங்கிய கௌராமிக் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. பிறக்கும்போதே வயிற்றில் கட்டிக்கொண்டு வந்த மஞ்சள் கரு தீர்ந்து, வாய் திறந்துவிட்டது. அந்த வாய்க்குள் நுழைகிற ஒரே இரை, பாசித் தண்ணீரில் ஊறும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள். அவைதான் இப்போது சாக்கடையில் போய்க்கொண்டிருந்தன.

இது மூன்றாவது ஈடு, மூன்றாம் தடவையாகப் பொரித்த குஞ்சுகள். முதல் இரண்டையும் அவளேதான் கொன்றாள், அதுவும் ஊட்டி ஊட்டி. கடைத் தீனியை மாவாக அரைத்துப் போட்டாள், ஆசையாய்த் தின்றன, எட்டாம் நாள் வயிறு புடைத்துச் செத்து மிதந்தன. அந்த வயதில் குஞ்சுக்கு இரைப்பையே கிடையாது, குடல் வெறும் நூல், உயிருள்ள இரை கரைகிற மாதிரி மாவு கரையாது, வெளியேயும் வராது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. புருஷன் கன்னியப்பன், "இதுவும் பூட்ச்சின்னா தொட்டியத் தூக்கிப் போட்டுட்டு கம்பெனிக்கே போயிடு" என்று தீர்த்துச் சொல்லிவிட்டான். எட்டு மணி நேரம் நின்றபடி, மூத்திரத்துக்குப் போகக்கூட ஒருத்தனிடம் கேட்க வேண்டிய கம்பெனி அது. 

சபீனா மாடியேறி வந்து ஈரத் தரையைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, கொட்டிட்டியா? வலைத்துணி கட்டித்தானே வெச்சிருந்தே. நான் ஒண்ணும் சொல்லிருக்க மாட்டேனே."

கெங்கம்மாளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. சட்டென்று சபீனாவின் கையைப் பிடித்தாள்.

"இன்னிக்கு எந்த ஊட்ல பாசித் தண்ணி பாத்தே?"

"கொட்றவகிட்டயே கேக்குறியா?"

"உன்ன உட்டா யாருக்குத் தெரியும்? குஞ்சுங்க நாளைக்கு வரிக்கும் தாங்காதும்மா."

சபீனாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தாள். ஒரு வீட்டில் கொட்டியாயிற்று. இரண்டு வீட்டில் மருந்து ஊற்றியாயிற்று. "மேனாம்பேட்ல பாதில நிக்கிற கட்டடம் ஒண்ணு கீது. லிப்ட் குழில தண்ணி பச்சப்பசேல்னு கெடக்குது. பதினோரு மணிக்கு எங்காளு மருந்தோட வருவான்."

மணி பத்தரை. இரண்டு குடங்களோடு ஆட்டோவில் ஏறியவள், வழியெல்லாம் நெரிசலுக்கு ஓட்டுநரைத் திட்டினாள். அந்த மனுஷன் என்ன செய்வார், பாவம். போய்ச் சேர்ந்தபோது மருந்துக்காரன் கட்டட வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். "அண்ணாத்தே, ரெண்டே கொடம்" என்று சொல்லிக்கொண்டே சேலையைத் தூக்கிச் செருகிக் குழிக்குள் இறங்கினாள். அவன் டீயை மெதுவாகக் குடிக்க ஆரம்பித்தான்.

வீட்டில் கன்னியப்பனின் வேட்டியை மடித்து வடிகட்டினாள். நெளிந்த கொசுப்புழுக்களை வெயிலில் உதறிவிட்டு, தண்ணீரை மட்டும் டம்ளர் டம்ளராகக் குஞ்சுகளுக்கு ஊற்றினாள்.

சாயங்காலம் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். கண்ணாடி உடம்புகளுக்குள் ஊசிமுனை அளவு பச்சை தெரிந்தது. நிம்மதி வரவில்லை. போன இரண்டு ஈடும் வயிறு நிறைந்துதானே செத்தன? ராத்திரியெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கியே முட்டி நொந்துபோயிற்று.

விடிந்ததும் மறுபடி பார்த்தாள். ஒரு குஞ்சின் பின்னால் முடியைவிட மெல்லிய இழை தொங்கியது. அறுந்து கீழே போனது. அடுத்த குஞ்சுக்கும் ஒன்று.

கன்னியப்பன் வாயில் பிரஷ்ஷோடு மேலே வந்தான். "இன்னாத்துக்கு அழுதுகினு கீறே? செத்துப்பூட்ச்சா?"

"இல்ல. பேண்டுது."

அவன் லென்ஸை வாங்கிக் குனிந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு கவிழ்ந்து கிடந்த தொட்டியை நிமிர்த்தித் தண்ணீர் பிடித்தான். புதுசாய்ப் பூச்சி ஊற, முட்டைக்கோஸ் இலை இரண்டைக் கிள்ளிப் போட்டான்.

"அந்த வலைத்துணிய எங்க வெச்சே?" என்று கேட்டான்.